வெள்ளைக்காரம்மா விட்டுப்போன இரண்டு மெஷின்கள்

நவம்பர் 15, 1974. வெள்ளி. சித்தூர்.

நான்காவது நாளாக மழை. கொடியில் ஏழு விரிப்புகள், ஒன்றுகூடக் காயவில்லை. சமையலறையில் இரண்டு, நாற்காலி முதுகில் ஒன்று. வீடெல்லாம் முடை நாற்றம்.

நைனாவுக்கு வாதம் வந்து இன்றோடு பதினோரு வாரம். வலது பக்கம் அசைவில்லை. பேச்சும் இல்லை. நாளுக்கு நான்கு முறை, சில நாள் ஐந்து முறை விரிப்பு மாற்றுகிறேன். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். நேற்றைவிடப் பெரிதாகிவிட்டதா, என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா? அளந்து பார்க்க ஸ்கேலை எடுத்து வந்தேன். வைக்க மனம் வரவில்லை.

மாற்றும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். முப்பது வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எத்தனை பேர் புண்ணைக் கழுவியிருப்பார். பெற்ற மகள் கழுவுவதை அவரால் பார்க்க முடியவில்லை.

டெட்டால். பஞ்சு. பத்தாம் வகுப்புத் தாள்கள் இன்னும் முப்பத்திரண்டு பாக்கி.

நவ. 16, சனி

தூறல். ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனேன். ஸ்டோர் பார்க்கும் ஆபிரகாம் கூப்பிட்டார். "லில்லி, ஊருக்குப் போய்ட்ட வெள்ளைக்காரம்மா டாக்டரு துணி தொவைக்கிற மெஷின் ஒண்ணு, காய வைக்கிறது ஒண்ணு விட்டுட்டுப் போனாங்க. ஏழு வருஷமா இடத்த அடைச்சிக்கினு கீது. எடுத்துக்கினு போறதா இருந்தா போ."

எதையும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். தள்ளுவண்டியில் வந்து சேர்ந்தன. பின் வராந்தாவில் இப்போது நடக்க இடமில்லை.

முதல் மெஷின்: எனாமல் தொட்டி. மேலே துணி பிழியும் இரண்டு ரப்பர் உருளை, இரண்டும் வெடிப்பு. மோட்டார் துரு. இரண்டாவது: பெரிய தகரப் பெட்டி, உள்ளே சுற்றும் டிரம், பின்னால் சூடேற்றும் காயில். பெல்ட் இல்லை. எலிக்கூடு உண்டு.

பெண்கள் பள்ளியில் பதினான்கு வருடமாக மின்சாரப் பாடம் நடத்துகிறேன். ஒரு மோட்டாரைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

சாயங்காலம் பெரம்பூரிலிருந்து அண்ணன் கடிதம். டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு வருகிறானாம். தாம்பரம் பக்கம் முதியோர் இல்லம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறானாம். "உன்னால் தனியாக முடியாது." இரண்டு வாரம் இருக்கிறது.

நவ. 19, செவ்வாய்

அரை நாள் லீவு. மோட்டாரைக் கோணிப்பையில் போட்டுத் திருப்பதி பஸ். வீட்டுச் சொந்தக்காரி ராஜம்மா நைனாவைப் பார்த்துக்கொண்டார். போகிற வழியெல்லாம் ஒரே நினைப்பு: திரும்பி வரும்போது என்ன சேதி காத்திருக்குமோ.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் முனிரத்தினம் கடை. நகரி பவர்லூம் மோட்டார்கள் வாசல்வரை அடுக்கியிருந்தன. நான் கொண்டுபோனதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது நூத்திப்பத்து வோல்ட்டு. நம்ம கரண்ட்ல போட்டா ஒரு நிமிசம் சுத்தும், அப்புறம் பொகதான். யாரு, வூட்டுக்காரரு அனுப்பிச்சாரா?"

"நானேதான் வந்தேன்."

பிறகு உள்ளே போய் ஒரு பழைய கிரைண்டர் மோட்டாரைக் கொண்டுவந்தார். "இத மாட்டுங்க. இது கொஞ்சம் மெதுவாத்தான் சுத்தும், மோட்டார் புல்லிய மட்டும் பெருசா போட்டுக்கோங்க. எர்த்து போடாம தொட்டியில கை வெக்காதீங்கம்மா. தண்ணி கீற எடம்."

ஆறு மணிக்கு வீடு. நைனா தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.

நவ. 21, வியாழன்

மழை விட்டு வெறும் மேகம். பள்ளி விட்டதும் வேலை. மோட்டாரை மாட்டியாயிற்று. எர்த் கம்பியை ஞாயிற்றுக்கிழமை போடலாம் என்று நினைத்தது என் புத்தி. சுவிட்சைப் போட்டுத் தொட்டியைத் தொட்டேன். தோள்வரை ஒரு உதறல். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் செத்திருந்தால் உள் அறையில் நைனாவுக்குத் தெரிந்திருக்கும். எழுந்திருக்க முடியாது. கத்தவும் முடியாது.

உடனே கிணற்றடி ஈரமண்ணில் குழி. கரி, உப்பு, இரும்புக் குழாய், செம்புக் கம்பி. டெஸ்டரை வைத்து ஏழு முறை பார்த்தேன். எட்டாவது முறையும்.

நவ. 23, சனி

தொட்டிக்குள் துணி சுற்றுகிறது. வெடித்த உருளைகள்மேல் லாரி ட்யூபை இழுத்து மாட்டினேன். மூன்று விரிப்புகள் பிழிந்து வந்தன, பலகை மாதிரி.

பெட்டிதான் தொல்லை. அதன் டிரம்மைச் சுற்ற, தொட்டி மோட்டாரிலிருந்தே ஒரு பெல்ட் இழுத்தேன். பழைய காயில் போட்டதும் ஃப்யூஸ் போயிற்று. ராஜம்மா வாசலில்: "ஏமம்மா டீச்சர், நீ அத போட்டா எங்க வூட்டு லைட்டு மினுக்கு மினுக்குன்னுது. வூடு பத்திக்கினா இன்னா பண்றது?" அதே பயம் எனக்கும்.

காயிலை மாற்றி ஆயிரம் வாட் ஸ்டவ் காயில். சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகம் துருப்பிடித்துப் போயிருக்கிறது. வேறு கிடைக்கும்வரை நானே கடிகாரம்.

நவ. 25, திங்கள்

மறுபடி மழை. முதல் முறையாக முழுசாகக் காய்ந்தது. நாற்பது நிமிடம். பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஒரு கை மெயின் சுவிட்சில், மறு கையில் பரீட்சைத் தாள். யாருக்கு என்ன மார்க் போட்டேனோ தெரியாது.

சூட்டோடு கொண்டுபோய் நைனாவின் கீழே விரித்தேன். இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

புண் பெரிதாகவில்லை. இன்று ஸ்கேலால் அளந்தேன்.

நவ. 28, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

பள்ளி மதியத்தோடு முடிந்தது. மூன்று மணிக்குப் பெட்டியில் இரண்டு விரிப்புகள். வாசலில் ராஜம்மா கூப்பிட்டார், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்திருக்கிறதாம். ஒரு நிமிடம் என்று போனேன். பேச்சு நீண்டுவிட்டது.

உள்ளே டமடம என்று சத்தம். நைனா இடது கையால் டம்ளரைக் கட்டில் கம்பியில் அடித்துக்கொண்டிருந்தார். கண் முழுவதும் வராந்தாப் பக்கம். புகை.

பெட்டியின் அடியில் சேர்ந்திருந்த பஞ்சுத் தூசி பற்றியிருந்தது. மெயினை இறக்கினேன். ஈரக் கோணியைப் போட்டு அமுக்கினேன். மணிக்கட்டில் கொப்புளம். ஒரு விரிப்பு போயிற்று. வேறொன்றும் இல்லை.

வேறொன்றும் இல்லை. இதைத்தான் எல்லோரிடமும் சொல்லப் போகிறேனா?

ராஜம்மா திட்டவில்லை. கொப்புளத்துக்கு மாவு கரைத்து வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

நைனா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவ. 30, சனி

செய்தவை: தூசி பிடிக்கக் கொசுவலைக் கம்பி வைத்த தட்டு. பழைய இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட் (சூடு ஏறினால் தானே நிற்கிறது, ஆறு முறை சோதித்தேன்). கதவைத் திறந்தால் கரண்ட் போகிற மாதிரி சுவிட்ச். அடியில் ஓட்டுத் துண்டுகள்.

நாளை அண்ணன். நெருப்பைப் பற்றிச் சொல்வதா? சொன்னால் கூட்டிப் போய்விடுவான். சொல்லாமல் இருந்து, பிறகு ஏதாவது ஆகிவிட்டால்?

டிசம்பர் 1, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. காலை பத்துக்கு வந்தார்கள். அண்ணன் ஃபிட்டர், நேராக வராந்தாவுக்குத்தான் போனான். பெட்டியின் முதுகைத் திறந்து பார்த்தான்.

"நீயா பண்ணே?"

"வியாழக்கெழம பத்திக்கிச்சி. நைனாதான் டம்ளர தட்டிக் கூப்ட்டாரு."

கேட்பதற்கு முன்பே வந்துவிட்டது வாயில். அண்ணன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தான். "ஏன் எழுதல?"

"எழுதினா இல்லத்துல கொண்டுபோய் விட்ருவே."

அவன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நைனா அறைக்குப் போனான். விரிப்பு மாற்றும் நேரம். நான் செய்கிறேன் என்றேன். "இரு" என்றான்.

கதவருகில் நின்று பார்த்தேன். கழுவினான், துடைத்தான், பவுடர் போட்டான். நைனா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அடுப்படியில் அண்ணி மெதுவாகச் சொன்னார். "இல்லம்லாம் வாணாம் லில்லி. எங்ககூட இருக்கட்டும். ரூம்பு ஒண்ணு காலியாத்தான் கீது."

நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டே இருந்தோம். நைனாவை யாரும் கேட்கவில்லை. பதின்மூன்று வாரமாக நானும் கேட்டதில்லை. போய் உட்கார்ந்தேன். "நைனா, அண்ணன்கூட போறீங்களா? போறதுன்னா ஒரு தட்டு. இங்கியே இருக்கறதுன்னா ரெண்டு."

கம்பியில் ஒரு தட்டு.

காத்திருந்தேன். இன்னொன்று வரவில்லை. மறுபடி கேட்டேன். ஒன்றுதான்.

டிச. 2, திங்கள்

காலை வாடகைக் காரில் புறப்பட்டார்கள். பின் சீட்டில் காய்ந்த விரிப்புகள் பன்னிரண்டு. ஏறுமுன் நைனா என் மணிக்கட்டிலிருந்த கட்டுத்துணியை இடது கை விரலால் தொட்டார். பள்ளிக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பில் நடத்தியது எந்தப் பாடம் என்று நினைவில்லை.

டிச. 10, செவ்வாய்

வெயில். நல்ல வெயில், இப்போதுதான்.

அண்ணன் கடிதம். அங்கே மழை விடவில்லையாம், காயும் பெட்டியை லாரியில் அனுப்பச் சொல்கிறான். மொட்டை மாடிக் கொட்டகையில் தனி லைன் இழுத்துவிட்டானாம். நைனாவின் புண் ஆறி வருகிறதாம். பக்கம் முழுவதும் இப்படியே. கடைசியில் நான்கு வரி:

"நேத்து விடிகாலைல நைனா வாயத் தொறந்தாரு லில்லி. 'ஈரம்'னு சொன்னாரு. நல்லா தெளிவா. உன் அண்ணி அழுதுட்டா."

நின்றபடியே மூன்று முறை படித்தேன். இந்த வீட்டில் மணிக்கு ஒரு தரம் விரிப்புக்கடியில் கையை விட்டு, ஈரமா என்று நானேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.