ஃபேர்னஸ் அறையில் வெந்த வைன்

மச்சான்,

குசினித் துவாயை இரண்டு தரம் தோய்த்துவிட்டேன், வாசம் போகவில்லை. திராட்சைப் பழத்தை அடுப்பில் வைத்து மறந்துபோனது போன்ற வாசம். அது நீ உன் கையால் செய்த வைன் என்று சொன்னால் என்னைக் கொன்றுவிடுவாய். அதை அந்தக் கதிக்கு ஆளாக்கியவன் நான்தான். அதோடு நிற்காமல், நீ சொல்லாதே என்று சொன்னதையும் உன் மகளிடம் சொல்லிவிட்டேன்.

போன மாதம் அவள் அவுஸ்திரேலியாவிலிருந்து ஃபோன் எடுத்தாள். "அங்கிள், அப்பா செய்த வைனிலை ஒரு போத்தல் உங்களிட்டை இருக்காம், உண்மையோ?" அங்கே மிஞ்சியிருந்ததையெல்லாம் உன் செத்தவீட்டில் குடித்துவிட்டார்களாம். இந்த அறுவடையில் வைன் செய்கிற முறை அவளுக்கு வருகிறது. "அப்பா என்ன செய்தவர் எண்டு தாத்தாவைக் கேட்டால், எங்களைப் போலத்தான் செய்தவன் எண்டுறார். எனக்கு அதைக் குடிச்சுப் பாக்கவேணும். ரிக்கெற் போட்டிட்டன்," என்றாள். "ஓம் பிள்ளை, வா," என்றேன். வேறு என்ன சொல்ல?

இங்கே பார்க்டேலில் ஒரே அறையில் படுத்தெழும்பி, ஒரே ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவியவர்கள் நாங்கள். அங்கே வைன் ஊற்றிக் கொடுக்க வந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவுஸ்திரேலியாவில் அவளுடைய தகப்பனின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனாய். வைனுக்குள் ஐஸ் போட்டுக் குடித்தவன், நாலு தலைமுறையாக வைன் செய்கிற குடும்பத்தில் போய் விழுந்தாய். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வீட்டு ஆட்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை தனியாக ஒரு பீப்பாய் ஷிராஸ் என்கிற சிவப்பு வைன் செய்யவேண்டும். யாருடையது என்று சொல்லாமல் அதைப் பெரியவரின், அதாவது உன் மாமனாரின், மேசையில் வைப்பார்கள். அவர் தலையாட்டினால்தான் குடும்பத்தின் பீப்பாய்க் கொப்பியில் பெயர் ஏறும். பெண் எடுத்தவன் என்பதற்காக ஒருவரும் உனக்குச் சலுகை தரவில்லை.

நீ அந்தப் பீப்பாய் வைனைச் செய்த நாளில், நான் இங்கே பிறம்ரனில் ட்ரக்குக்குச் சாமான் ஏற்றக் காத்துக்கொண்டிருந்தேன். ஃபோனில் ரகசியமாய்ச் சொன்னாய். "மாமா தொட்டிக்குள்ளை ஒரு காம்பும் விழக்கூடாது எண்டவர். நான் அரைவாசிப் பழத்தைக் காம்போடை போட்டிட்டன். ஏனெண்டு கேக்காதை, அப்பிடித்தான் சரியெண்டு பட்டுது. நீ செத்தாலும் ஒருத்தருக்கும் சொல்லாதை." பிறகு பெரியவர் அதைக் குடித்துப் பார்த்து, தன் தாத்தாவின் கை இதில் இருக்கிறது என்று சொல்லி உன் பெயரை எழுதினார். அந்தச் செய்தியைச் சொன்னபோதும் உன் குரலில் சந்தோசம் இல்லை.

அடுத்த முறை வந்தபோது எனக்கு ஒரு போத்தல் கொண்டுவந்தாய். "குளிரான, இருட்டான இடத்திலை படுக்க வை. பத்து வருசம் தொடாதை," என்றாய். என் அம்மாவை உனக்குத் தெரியும். வீட்டுக்குள் போத்தலைக் கண்டால் மூன்று நாள் சாப்பிடமாட்டா. பேஸ்மென்றில் அரிசி மூட்டைக்குப் பின்னாலும் கை விட்டுப் பார்ப்பா. வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸின் இரைச்சலுக்குப் பயந்து அந்த அறைக்குள் மட்டும் போகமாட்டா. அதனால் அதற்குப் பின்னால், சுவரோடு நிமிர்த்தி வைத்தேன். நீ சொன்னவற்றில் இருட்டு மட்டும் அங்கே இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம், அம்மா கோயிலுக்குப் போன நேரம், உன் மகள் என் குசினி மேசையில் இருந்தாள். வெளியே பனி. போத்தலைக் கையில் எடுத்ததுமே அவள் முகம் மாறியது. தக்கை கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு நின்றது. "எங்கை வைச்சிருந்தனீங்கள் அங்கிள்?"

"கீழை, பேஸ்மென்றிலை."

அது பொய்யில்லை, உண்மையுமில்லை. திறக்கும்போது தக்கை பொடிந்து விழுந்தது. கிளாஸில் ஊற்றினாள். சிவப்பு இல்லை, தேயிலைச் சாயம். மணந்து பார்த்துவிட்டு, கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கீழே ஃபேர்னஸ் உறுமிக்கொண்டு தொடங்கியது. அவள் நிலத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். போத்தலை எங்கே, ஏன் ஒளித்தேன் என்று எல்லாம் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தப்பியிருப்பேன். "இதுதான் கடைசிப் போத்தல்," என்று மட்டும் மெல்லச் சொன்னாள். "இனி அப்பா என்ன செய்தவர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும். பெரியவர் உயிரோடு இருக்கிறார், கொப்பியில் உன் பெயர் இருக்கிறது, உனக்கு நான் கொடுத்த வாக்கும் இருக்கிறது. எதிரே உன் மகள் ஒன்றுக்கும் உதவாத அந்த வைனை ஒரு மிடறு குடித்து, நாக்கில் வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

"காம்போடை போட்டவர்," என்றேன். "அரைவாசியை."

அவள் கிளாஸை வைத்தாள். "தாத்தாவுக்குத் தெரியாதோ?"

"தெரியாது. சொல்லாதை எண்டவர்."

"அப்ப தாத்தா எழுதின பேர்?"

"வைன் அப்பான்ரை தான் பிள்ளை. சொல்லாமல் விட்டதுதான் பிழை."

மேசையில் சிந்தியதைக் குசினித் துவாயால் துடைத்துக்கொண்டே, "நானும் காம்போடைதான் போடப்போறன். ஆனா தாத்தாவிட்டை முதலே சொல்லிப்போட்டு," என்றாள்.

"அவர் கோவத்திலை அப்பான்ரை பேரை வெட்டினா?"

"வெட்டட்டும் அங்கிள். அதுக்குப் பிறகும் அவர் என்ரை வைனைக் குடிச்சுப் பாக்கத்தானே வேணும்."

நீயும் நானும் இத்தனை வருடம் பயந்து மூடி வைத்ததை, அவள் ஒரு பின்னேரத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே அறுவடை தொடங்கிவிட்டது. இன்னும் ஃபோன் வரவில்லை. கொப்பியில் உன் பெயர் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமல் இருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுத இருந்தேன். வைனுக்குக் கேட்கிறேன், அது என் மடைத்தனம். மற்றதற்குக் கேட்க மனம் வரவில்லை. அவள் திரும்பக் கேட்டாலும் சொல்லுவேன். நீ இருந்திருந்தால் ஒரு வருடத்துக்கு என்னோடு கதைத்திருக்கமாட்டாய். நான்தான் திரும்பத் திரும்ப ஃபோன் எடுத்திருப்பேன். என்னோடு கோவிக்க நீ இல்லையே, மச்சான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.