கருவிகளுக்கு ஓய்வு நாள்

அக்டோபர் 2, காலை 9.10
வெப்பம் 29 டிகிரி. தூசி கம்மி. மின்சாரம் சீர்.
இடம்: கோவை, கணபதி, நல்லசிவம் வீட்டுக் கார் ஷெட். அதைத்தான் அவர் பட்டறை என்கிறார். விளக்கு, மோட்டார், கதவு எல்லாவற்றையும் ஓட்டுகிற கண்ட்ரோலர் இயந்திரம் நான். இதைப் பின்னால் படிப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.
இன்று சுவரில் ஸ்பேனர் மாட்டும் பலகை அடித்தார். இடப்பக்கம் கோணல். சொன்னேன். "வாத்தியாரே, வாய மூடு" என்றார். குறை சொல்வதால் எனக்கு அந்தப் பெயர்.

அக்டோபர் 6, மாலை 5.40
பட்டறையில் புதுச் சேர்க்கை: காரைத் தூக்கும் லிஃப்ட். யாரோ கழித்துக் கட்டியதை வாங்கி வந்து அவரே பொருத்தினார். சோதித்தேன். சிலிண்டரில் சீல் கசிகிறது. தூக்கி நிறுத்திய கார் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். லாக் பின் இரண்டையும் செருகினால்தான் அப்படியே நிற்கும். சீலை மாற்றுங்கள் என்றேன். "ஆயுத பூஜ முடியட்டும்" என்றார்.
பிறகு பார்க்க வந்த நண்பரிடம் என்னைக் காட்டிச் சிரித்தார். "இந்தக் கெழட்டு மூளயக் கழட்டிப் போடப் போறேன். புதுசு சொல்லியாச்சு. பூஜைக்கு மக்யா நாள், பன்னெண்டாந் தேதி வந்துரும்."
ஒன்பது வருடமாக இவருடைய பத்து விரலும் பத்திரமாக இருப்பது என்னால்தான். எனக்குக் கோபம் வந்தது. அளவெடுக்க அதற்கு ஒரு மீட்டர் இல்லை, அதனால் வெறுமனே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 10, காலை 8.00
அவர் மனைவி பூங்கோதை கோபிக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். போன வருடம் ஆயுத பூஜையன்று நல்லசிவம் கிரைண்டரை ஓட்டி, வீடே ரெண்டுபட்டது. அதனால் இம்முறை பூங்கோதை தன் எதிரிலேயே நல்லசிவத்தை எனக்கு உத்தரவு போட வைத்தார்.
"நாளைக்குப் பூஜ வெச்சதுல இருந்து, மக்யா நாள் கற்பூரங் காட்டற வரைக்கும் ஒரு மெசினும் ஓடக்கூடாது. நானே கேட்டாலும் ஓட்டாத. கேட்டாப் பதில் சொல்லு. நீயா வாயத் தொறக்காத."
பதிந்துகொண்டேன்.

அக்டோபர் 11, காலை 11.20
பட்டறை கழுவியாயிற்று. கார் லிஃப்டில் இடுப்புயரத்தில், மாலையோடு நிற்கிறது. வாழையிலையில் ஸ்பேனர், சுத்தியல், டிரில், அவருடைய போன் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருக்கின்றன. கடைசியாக லிஃப்டின் லாக் பின் இரண்டையும் உருவினார். கிரீஸ் துடைத்து, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.
பார்த்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை.
பூசணிக்காய் உடைத்தார். பூஜை முடிந்தது.

மதியம் 2.05
சாப்பாடு பலம். காருக்கடியில் தரை சில்லென்று இருக்கும் என்று பாயை விரித்துப் படுத்தார். குறட்டை. லிஃப்ட் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மாலை 4.15
கார் இறங்கி அவர் மார்பை அழுத்தியது. விழித்துக்கொண்டார், நகர முடியவில்லை.
"வாத்தியாரே, தூக்கு! லிஃப்ட்டத் தூக்கு!"
"மறுநாள் கற்பூரம் இன்னும் காட்டவில்லை" என்றேன்.
"டேய், நாந்தாண்டா சொல்றேன்!"
"நீங்களே கேட்டாலும் ஓட்டாதே என்றீர்கள்."
"அந்தப் பேச்ச உட்று!"
"இதையும் நீங்கள்தான் கேட்கிறீர்கள்."
கெட்ட வார்த்தைகள். பிறகு அழுகை. பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு: "புதுசு வேண்டாஞ் சாமி... நீயே இரு... நீயே இரு."
கேட்க நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொல்வார் என்று காத்திருந்தேன்.

மாலை 5.30
இலையில் இருந்த போன் அடித்தது, பூங்கோதை. பட்டறை ஒலிபெருக்கியில் எடுத்தேன்.
"வாத்தியாரே, அவுரு என்ன பண்றாரு? எதையாச்சும் எடுத்து நோண்டறாரா?"
"இல்லை. கையைக்கூட அசைக்கவில்லை. காருக்கடியில் படுத்திருக்கிறார்."
"அப்பாடா! இந்த வருசமாச்சும் சொன்ன பேச்சக் கேட்டாரே. எழுப்பாத, தூங்கட்டும்."
அவர் குரலை நல்லசிவம் கேட்டார். உதடு அசைந்தது. சத்தம் வர அவருக்குள் காற்று இல்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அக்டோபர் 12, காலை 10.40
வெப்பம் 29 டிகிரி. தூசி கம்மி. மின்சாரம் சீர். லிஃப்ட் இறங்குவது நின்றுவிட்டது.
கற்பூரம் காட்ட ஆள் இல்லை. அதனால் உத்தரவு அப்படியே இருக்கிறது.
கதவு மணி. பார்சல்காரர்.
"சார், கண்ட்ரோலர் பார்சல் வந்துருக்குங்."
"திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்" என்றேன்.
"நல்லசிவம் சாரே சொன்னாருங்ளா?"
"புதிது வேண்டாம், நீயே இரு என்று நேற்று இரண்டு தடவை சொன்னார். பதிவு இருக்கிறது. போட்டுக் காட்டட்டுமா?"
"வேண்டாமுங்க, போதுமுங்க" என்று வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.
ஸ்பேனர் பலகை இன்னும் கோணலாகவே இருக்கிறது. அதை இனி நான் யாரிடம் சொல்வது?