பதினொன்றாம் கட்டில்

மார்ச் 4
நர்சிங் பயிற்சிக்கு வந்து ஆண்கள் வார்டில் மூன்றாவது வாரம். நின்று நின்று கால் வீங்கி ஷூ நுழையவில்லை. அம்மா போனில் "சாப்பிட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்று புளுகினேன்.

மார்ச் 6
காலையில் பதினொன்றாம் கட்டிலுக்கு இன்சுலின். "ஐயா, நீங்கதானே பதினொண்ணு?" என்றேன். பெரியவர் தலையாட்டினார். போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. சர்க்கரை வியாதியே இல்லாத மனுஷன்! பன்னிரண்டாம் கட்டில்காரர். பதினொன்றுக்கு மேலேதான் ஃபேன் என்று இரண்டு பேரும் இடம் மாறிப் படுத்திருக்கிறார்கள். கேஸ் ஷீட் மட்டும் கட்டிலிலேயே தொங்குகிறது.

குளுக்கோஸ் கொடுத்ததும் தெளிந்துவிட்டார். தவறுகளை எழுதும் ஃபாரத்தை எடுக்கப் போனேன். சீனியர் சிஸ்டர் கையைப் பிடித்தாள். "அதான் பொழைச்சுட்டாருல்ல? எழுதினா உன் படிப்புதான் போகும். வாயை மூடிட்டு வேலையப் பாரு."

மூடிக்கொண்டேன்.

மார்ச் 7
வகுப்பில் டீச்சர் கேட்டார்: "தப்பு நடந்தா யார் யார் எழுதிக் கொடுப்பீங்க?" நாற்பது பேரும் கை தூக்கினோம். என் கைதான் முதலில் போனது. வெட்கங்கெட்ட கை.

மார்ச் 10
வார்டில் யார் தலையாட்டினாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்கிறேன்.

மார்ச் 15
ஐயோ. என் அறைத்தோழி குருவியும் இன்சுலினை ஆள் மாற்றிப் போட்டுவிட்டாள். அதே கட்டில், அதே ஃபேன், அதே கேள்வி. படுத்திருந்தவர்தான் வேறு. அவர் தூங்குவதாக நினைத்து விட்டுவிட்டார்கள். தீவிர சிகிச்சையில் இருக்கிறார், நினைவு திரும்பவில்லை.

"நான் கேட்டேன்டி, அவர் தலையாட்டினாரு, சத்தியமா" என்று குருவி அழுதுகொண்டே இருக்கிறாள். ஒரே அறை. ஒரே தட்டில் சாப்பிடுகிறோம். இவகிட்டயாவது சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லலை நான்?

மார்ச் 16
விசாரணை. "மாணவியின் கவனக்குறைவு" என்று முடித்துவிட்டார்கள். குருவியைக் கல்லூரியை விட்டே அனுப்பப் போகிறார்கள். சீனியர் சிஸ்டர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மார்ச் 17
தீவிர சிகிச்சையில் இருந்தவர் போய்விட்டார். துணிமணியை வாங்க மகள் வந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "அப்பாவுக்குப் புழுக்கம் தாங்காது. நான்தான் மாறிப் படுங்கன்னு சொன்னேன். என்னாலதானா சிஸ்டர்?"

"இல்லக்கா" என்றேன்.

மார்ச் 18
எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆறாம் தேதி, ஃபேன், நான் கேட்ட கேள்வி, நான் போட்ட ஊசி, என்னை யார் தடுத்தது, எல்லாம். கண்காணிப்பாளர் படித்துவிட்டு, "பன்னெண்டு நாள் கழிச்சா?" என்று மட்டும் கேட்டார்.

குருவியிடமும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "ஒரு வார்த்தைடி..." என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 2
குருவியை அனுப்பவில்லை. வேறு அறைக்குப் போய்விட்டாள். எதிரில் வந்தால் செல்போனை எடுத்துக்கொள்கிறாள். தண்டனையாக என் படிப்பை ஆறு மாதம் தள்ளிவிட்டார்கள். அதே வார்டுக்குத்தான் போட்டிருக்கிறார்கள். இப்போது எல்லோர் கையிலும் பெயர்ப் பட்டை. கட்டில் எண்ணைச் சொல்லிக் கேட்கக் கூடாது, அவர்களே பெயரைச் சொல்ல வேண்டும்.

பதினொன்றில் புதிதாக வந்தவர் எரிந்து விழுந்தார். "காலைலதானே கேட்டே? அதுக்குள்ள மறந்துட்டியா?"

"மறக்கலீங்க ஐயா."

சலித்துக்கொண்டே பெயரைச் சொன்னார். பட்டையைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.