உப்பில்லாத பிரசாதம்

அம்மா,

இன்று காலை சின்னவன் வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து இட்லி வாங்கி வந்தான். மந்தாரை இலையைப் பிரித்ததும் மிளகும் சீரகமும் சுக்கும் கலந்த வாசனை வீடு முழுக்க ஏறியது. ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். நான் எடுக்கவில்லை. "ஏன் ஆயா, வேணாமா?" என்று பேத்தி கேட்டாள். பல் வலிக்கிறது என்றேன். பல் வலி எல்லாம் இல்லை. உன்னோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. மூன்றாவது வரை படித்தவள் எழுத்து, பிழை இருக்கும். அதற்கு மேல் படிக்க விடாதது நீதான்.

எட்டு வயதில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்து, அப்பாவின் தறியில் சேலையின் மறுகரைக்கு நூல் நாடா தள்ள உட்கார வைத்தாய். தங்கச்சியைப் பத்தாவது வரை படிக்க வைத்தாய். ஏன் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஒரு தரமும் பதில் வரவில்லை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை. அதனால்தான் நீ மறக்கத் தொடங்கியபோது நான் நம்பவில்லை.

நீ மறந்த விதம் அப்படி. எதிர்வீட்டுக் கோமளாவின் கல்யாணத்தில் என்ன பாயசம் என்று சொல்வாய். வாலாஜாபாத்திலிருந்து தங்கச்சி வந்தால் வாசலிலேயே பேர் சொல்லிக் கூப்பிடுவாய். என்னை மட்டும் ஏற இறங்கப் பார்த்து, "நீ யாருமா, எந்தத் தெரு?" என்பாய். எனக்குப் பதில் சொல்ல வேண்டியதை மட்டும் பார்த்துப் பார்த்து மறக்கிறாள், நடிக்கிறாள் என்று நினைத்தேன். கதவு இடுக்கில் நின்று உன்னை வேவு பார்த்திருக்கிறேன்.

நீயும் லேசுப்பட்டவளா? டாக்டர் கொடுத்த மாத்திரையை நீ துப்பிக்கொண்டே இருந்தாய். ஒரு நாள் அதைப் பொடித்துத் தயிர் சோற்றில் பிசைந்து கொடுத்தேன். இரண்டாவது வாயிலேயே கண்டுபிடித்துவிட்டாய். தட்டை வீசிவிட்டுத் தெருவுக்கு ஓடினாய்.

"அய்யய்யோ, யாராச்சும் வாங்களேன்! இந்தப் பொம்பள சோத்துல இன்னாத்தையோ கலந்து என்னைக் கொல்லப் பாக்குறா!"

தெருவில் பட்டு இழையை நீள விரித்துப் பாவு போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் யார் என்னை எப்படிப் பார்த்தார்கள் என்று இன்றும் சொல்வேன். அதில் இரண்டு பேர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ஆனால் ஒன்று, நீ கத்தியது பொய்யும் இல்லை. கலந்தது உண்மைதானே.

அன்றிலிருந்து என் கையால் கொடுத்த எதையும் நீ தொடவில்லை. தண்ணீரைக்கூட நீயே குழாயில் பிடித்துக் குடித்தாய். ஒரே வாரத்தில் ரவிக்கை உன் தோளில் நிற்கவில்லை. இப்படியே விட்டால் போய்விடுவாய் என்று பயந்து, தெருமுனை பூத்திலிருந்து தங்கச்சிக்குப் போன் போட்டேன். வந்தாள், பிசைந்து கொடுத்தாள், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாய். எனக்கு வயிறு எரிந்தது.

"நீ மொறைச்சிக்கினே குடுக்குறக்கா. சிரிச்சிக்கினு குடு, சாப்புடும்" என்று புத்தி சொல்லிவிட்டு அவள் சாயங்கால பஸ் ஏறினாள். மறுநாள் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். "சிரிக்கிறா பாரு, கலந்துட்டா" என்றாய்.

கோயில் வாசலில் பூ விற்கும் கோமளாதான் வழி காட்டினாள். ஒரு நாள் அவள் கோயில் இட்லி ஒரு துண்டு கொண்டு வந்து நீட்ட, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றாய். அன்றைக்கே அரிசி ஊறப்போட்டேன். பித்தளை டம்ளரில் மந்தாரை இலை வைத்து, மாவை ஊற்றி அவித்து, பின்கட்டு வழியாகக் கோமளாவிடம் கொடுத்தேன்.

"ஏன்க்கா, பெருமாள் பேர்ல பொய் சொல்றமே, கண்ணைக் குத்திட்டாருன்னா?"

"எனக்கு ஒரு கண்ணுல ஏற்கெனவே புரை. இன்னொன்னையும் குத்திக்கட்டும். நீ போயிக் குடு."

நீ சாப்பிட்டாய். அப்புறம் தயிர் சாதம், பொங்கல் எல்லாமே இலையில் மடித்துப் பெருமாள் பேரில்தான் உன்னிடம் வந்தது. "இதுலயே மாத்திரையக் கலந்துடேன்க்கா" என்றாள் தங்கச்சி. நான் கலக்கவில்லை. இதையும் நீ கண்டுபிடித்துவிட்டால் அதற்கப்புறம் உனக்குச் சோறே கிடையாது.

நடுவில் ஒரு மத்தியானம். தானாகவே என்னைக் கூப்பிட்டு, மடிக்கு முன்னால் உட்கார வைத்துப் பேன் பார்த்தாய். "சாப்டியா பாப்பா?" என்றாய். நரைத்த தலையைக் கொடுத்துவிட்டு நான் அசையாமல் இருந்தேன். ஏன் என் படிப்பை நிறுத்தினாய் என்று கேட்கக்கூட மறந்துபோனேன். மறுநாள் காலை, ஆசையாக நானே தட்டை எடுத்து வந்தேன். தட்டு சுவரில் போய் மோதியது.

அதற்கப்புறம், நீ நடிக்கிறாய் என்ற என் சந்தேகம் முன்னைவிட அதிகமானது. உனக்கு உப்பு குறைந்தால் ஆகாது. என் மாமியார் வீட்டு விருந்தில் சாம்பாரில் உப்பில்லை என்று சபையில் சொன்னவள் நீ. என் சமையல் என்று தெரிந்தால் குறை சொல்லாமல் விடமாட்டாய் என்று நினைத்து, ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் இட்லி அவித்து அனுப்பிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு வாய் மென்றாய். நிறுத்தினாய்.

"எப்படி இருக்குது பெரிம்மா?" என்றாள் கோமளா.

"பெருமாள் குடுத்ததுல உப்பு பாக்கலாமா?" என்றாய். மிச்சத்தையும் தின்றாய். நான் உள்ளே போய், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன்.

இப்படியே மொத்தம் ஒன்றரை வருஷம் ஓடியது. மாசியில் நீ போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, கோமளா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிச்சி பெரிம்மா. அன்னைக்கு உப்பில்லாம குடுத்தியே, நீ உள்ள போனதும் என் கையப் புடிச்சிக்கிச்சி. 'இது எம்மவ செஞ்சது, எனக்குத் தெரியும். அவகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா மறுபடியும் ஏன் ஏன்னு கேப்பா. நான் இன்னா பதில் சொல்லுவேன்'னுச்சி."

அன்றைக்குத்தான் உனக்காக அழுதேன். அதுவரை அழவில்லை.

அழுது முடித்ததும் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. எனக்காக ஒன்றரை வருஷம் பெருமாள் பேரில் பொய் சொன்னவள் கோமளா. என்னைத் தேற்ற உன் பேரில் ஒரு பொய் சொல்லமாட்டாளா? ஆனால் "நான் இன்னா பதில் சொல்லுவேன்" என்பது உன் பேச்சு மாதிரியே இருக்கிறது. மாதிரிதான். நீயேவா என்று தெரியவில்லை.

யாரையும் விடாமல் நிறுத்திக் கேள்வி கேட்கிறவள் நான். நீ சொன்னது நிஜம்தானா என்ற இந்த ஒன்றை மட்டும் கோமளாவிடம் இத்தனை வருஷமாகக் கேட்கவில்லை. கோமளா இப்போதும் சாயங்காலத்தில் பூக்கூடையோடு வருகிறாள். படியில் உட்கார்ந்து, "அக்கா, பெரிம்மா இருந்தப்போ..." என்று அவள் ஆரம்பித்தாலே, இன்றைக்கு என்ன பூ என்று கேட்டுவிடுகிறேன்.