வகுப்புக்கு வெளியே ஒரு நாற்காலி

இஞ்சருங்கோ,

நீங்கள் செத்த முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் மழையில் நனைந்த கோட்டுகளை நம் லண்டன் மனோர் பார்க் வீட்டு நடையில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த ஈர மணம் மூக்கில் ஏறியதும், சோற்றுச் சட்டியை வைத்துவிட்டு நடைக்குப் போனேன். நம் மகள் சுமதியின் பள்ளிக்கூடத்து மணம் அது.

அவளுக்கு அப்போது ஏழு வயது. கிழமையில் ஒருநாள் சமயப் பாடம். எங்கள் பிள்ளை அதில் இருக்கக் கூடாதென்று நீங்கள் போய்ச் சொல்லிவிட்டு வந்தீர்கள். தகப்பன் சொன்னால் இந்த நாட்டில் கேட்கத்தான் வேண்டுமாம். பாடம் முடியும்வரை அவளை வெளியே, கோட்டுகள் தொங்கும் இடத்தில், ஒரு நாற்காலியில் இருத்தினார்கள்.

ஒருநாள் அவளை டாக்டரிடம் பல்லுக் காட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நேரத்தோடு கூப்பிடப் போனேன். கதவுக் கண்ணாடியால் பார்த்தால் உள்ளே முருகன் படம், வாழைப்பழம், ஊதுபத்தி. வெள்ளைப் பிள்ளைகளும் வங்காளப் பிள்ளைகளும் கை உயர்த்திக் கேள்வி கேட்கிறார்கள். தினமும் அந்தப் படத்தைக் கும்பிடுகிற பிள்ளை மட்டும் வெளியே. அடுத்த கிழமையும் முருகன்தான், அதற்காவது உள்ளே விடலாமா என்று டீச்சர் என்னிடம் கேட்டார்.

நீங்கள் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. "இண்டைக்கு முருகன், நாளைக்கு யேசு, பிறகு புத்தர். எல்லாம் நல்லதெண்டு சொல்லிக் குடுப்பினம். கொழும்பில எங்கட கடையைக் கொளுத்தினவனும் கும்பிட்டிட்டுத்தான் வந்தவன்."

சமயத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்களே படிப்பிப்பதாகச் சொன்னீர்கள். நீங்கள் வேலை செய்த பெட்ரோல் செட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குக் கூடுதல் சம்பளம். ஒரு ஞாயிறும் நீங்கள் வீட்டில் இருக்கவில்லை.

பாடம் முடிந்து வருகிற பிள்ளைகள் கோட்டை எடுத்து அவள் தலையில் போடுவார்களாம். உன்னை எந்தக் கடவுளும் எடுக்கமாட்டாரோ என்று ஒருத்தி கேட்டாளாம். அழுதுகொண்டு வந்து சொன்னாள். நீங்கள் சிரித்தீர்கள். "நல்லதாப் போச்சு. ஒருத்தற்ற கரைச்சலும் தொல்லையும் இல்லை."

இப்போது அவளுக்குப் பதினைந்து. முப்பத்தோராம் நாளுக்கு வந்த சனமெல்லாம் போன பிறகு, கோப்பை துடைத்தபடி கேட்டாள்: "அம்மா, அப்பா இப்ப எங்க?"

காரியம் செய்த ஐயர் ஆன்மா போகும் இடம்பற்றிச் சொன்னது எனக்கும் விளங்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். தெரியாது பிள்ளை என்றேன்.

"ஓம், எங்கட வீட்டில ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது," என்று சிரித்தாள்.

அச்சொட்டாக உங்கள் சிரிப்பு. அவளுக்கு நீங்கள் படிப்பித்தது அது ஒன்றுதான். உங்களை நினைத்து அழ உட்காருகிற நேரமெல்லாம் அடுத்த அறையில் அது கேட்கிறது. எனக்கு அழுகை நின்றுவிடுகிறது.