வானையும் விற்றாயிற்று, அப்பாவும் உயிரோடு இருக்கிறார்

ரொக்ஸ்பரோ,
மொன்றியல்.
25.05.1997

அன்பு மகன் ஆரூரனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நான், அப்பா, தங்கச்சி நிரோஜா மூவரும் நல்ல சுகம். நீயும் கல்கரியில் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்கு நித்திரை கொண்டு சுகமாக இருக்க நயினை அம்மாளை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். அப்பா சுகம் என்பதை இன்னொரு முறையும் எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு மாதமாக அவர் செத்துப்போனார் என்று ஒருவன் வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். பயப்படாதே, இப்போது எனக்கு எதிரே இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருக்கிறார். விபரம் கீழே வரும்.

முதலில், மார்ச்சில் வந்த உன் கடிதத்துக்குப் பதில். இன்னொரு வாக்கெடுப்பு வரும், இந்த முறை கியூபெக் கனடாவை விட்டுப் பிரிந்தே போகும், அதற்கு முன்னம் வீட்டை விற்றுவிட்டுச் சாமான்களை அப்பா வாங்கின அந்த வீட்டு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு இந்தக் கோடையிலேயே கல்கரிக்கு வந்துவிடுங்கள் என்று எழுதி, வழிக்கு வரைபடமும் அனுப்பி, எந்த ஊரில் நிற்பது எந்த ஊரில் பெற்றோல் அடிப்பது என்று சிவப்புப் பென்சிலால் குறித்தும் விட்டிருந்தாய். வரைபடம் வடிவாக இருக்கிறது. நான் வரமாட்டேன். நீயும் அப்பாவும் ரெலிபோனில் மெல்லமாகக் கதைத்து முடிவெடுத்துவிட்டு எனக்குக் கடைசியில் சொல்லலாம் என்று நினைத்தீர்கள் போல. அதனால்தான் அப்போதே ரெலிபோனில் வானை விற்கப் போகிறேன் என்று சொன்னேன். சொன்னபடி விற்றும் விட்டேன்.

அப்பா அதை வாங்கின கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். தொண்ணூற்றைந்தில் வாக்கெடுப்பு முடிந்து கியூபெக் பிரியவில்லை என்று தெரிந்ததும் எல்லாரும் மூச்சு விட்டார்கள், ஆனால் அதே நாளில்தான் ஆமி நெருங்குகிறது என்று யாழ்ப்பாணம் முழுக்க ஊரைவிட்டு எழும்பி நடக்கிறது என்று லண்டனிலிருந்து செய்தி வந்தது. உன் மாமி புஷ்பராணி இரண்டு பிள்ளைகளையும் சைக்கிளில் இருத்தி மழைக்குள் தள்ளிக்கொண்டு போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார், பிறகு இரண்டு கிழமை அவள் எங்கே என்று தெரியவில்லை. அந்த இரண்டாவது கிழமைதான் அப்பா ஒருவருக்கும் சொல்லாமல் போய் வானை வாங்கி வந்து வாசலில் விட்டார். பனி கொட்டப்போகிற காலம் என்றபடியால் விற்றவர் மலிவாகக் கொடுத்திருந்தார். கட்டில், காஸ் அடுப்பு, ஐஸ்பெட்டி, கக்கூஸ் எல்லாம் உள்ளுக்குள்ளேயே உள்ள முழு வீடு அது. நான் சத்தம் போட்டதற்கு அவர் சொன்னது ஒன்றுதான், எண்பத்து மூண்டிலை எங்களிட்டை ஒரு வாகனம் இருந்திருந்தால் என்றார். கொழும்பில் தமிழரைத் தேடி அடித்த அந்தக் கலவரத்தில் வாகனம் இல்லாமல் பின்வீட்டுக் கழிவறைக்குள் மூன்று மணித்தியாலம் உன் வாயை நான் பொத்திக்கொண்டு இருந்தது உனக்கும் நினைவிருக்கும்.

ஆனால் மகன், பதினேழு மாதம். அதில் ஒரு நாள் அடுப்பு மூட்டவில்லை, ஒரு இரவு படுக்கவில்லை. மாதத்தில் முதல் ஞாயிறு அப்பா எஞ்சினை அரை மணித்தியாலம் ஓடவிடுவார், ராங்கி நிறைய பெற்றோல், ஒரு மூட்டை அரிசி, மெழுகுதிரி, பாஸ்போர்ட்டும் வீட்டு உறுதியும் வைத்த பை எல்லாம் உள்ளே. பக்கத்து வீட்டுக்காரர் எங்கே விடுமுறைக்குப் போகிறீர்கள் என்று கேட்டால் பேந்து பேந்து, பிறகு பார்ப்போம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவார். நான் சமையலறை ஜன்னலில் நின்று கோப்பை கழுவும்போது முன்பெல்லாம் தெருவைப் பார்ப்பேன், பதினேழு மாதமாக அந்த வானின் விலாவைத்தான் பார்த்தேன். ஓடு ஓடு என்று சொல்லிக்கொண்டு ஒரு சாமான் வாசலில் நின்றால் அந்த வீட்டில் ஆர் நிம்மதியாகச் சோறு தின்பது?

அப்பா ஒருவழியாக, விக்கிறதெண்டால் நீயே வில்லு, நான் ஒண்டுக்கும் வரமாட்டன் என்று விட்டுவிட்டார். நீ விடவில்லை. விற்பதென்றாலும் கமிஷனுக்கு எடுத்து விற்றுத் தருகிற இடத்தில் விடுங்கள், உங்களுக்கு அந்த ஆக்களோடை கதைக்கத் தெரியாது, ஏமாத்திப் போடுவாங்கள் என்றாய். ஜான்-டலோன் சந்தையில் பத்து வருடமாகத் தக்காளியும் கத்தரிக்காயும் பிரெஞ்சிலும் அரைகுறை இத்தாலியிலும் விற்கிறவளுக்கு நீ இதைச் சொன்னாய். சரி, படித்த பிள்ளை சொல்கிறான் என்று ஏப்ரலில் ஆற்றுக்கு அங்கால் உள்ள ஒரு வளவில் கொண்டுபோய் விட்டோம். மூன்று மாதம் அவர்கள் வைத்திருந்து ஆட்களுக்குக் காட்டி விற்றுவிட்டுத் தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சம் தருவார்கள், வாங்குகிறவர் முகத்தை நாங்கள் பார்க்கத் தேவையில்லை, இடையில் திருப்பி எடுத்தால் தண்டம் கட்ட வேண்டும். கழுத்துப்பட்டி கட்டின ஒரு பெடியன் கடதாசி நிரப்பினான். இவ்வளவு குறைய ஓடியிருக்கிறதே ஏன் என்று கேட்டான். நான் உண்மையைச் சொல்லத் தொடங்கவும் கையைக் காட்டி நிறுத்தி, மடாம், இதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள், கதையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

ஒரு மாதம் போனது. விலையைக் குறைக்கச் சொல்லி அவன் ரெலிபோன் எடுத்தான், குறைக்க முன்னம் ஒருக்கால் பார்ப்போம் என்று அப்பாவையும் நிரோஜாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வானுக்குள் ஒரு அறுபது வயதுப் பெண், இந்த ஊர் வெள்ளைக்காரி, அலுமாரிகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றா. இவதான் சொந்தக்காரி என்று பெடியன் என்னைக் காட்டியதும் இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்து, கோந்தோலெயான்ஸ் என்றா. எத்தனை செத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன், துக்கம் விசாரிக்கிற அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். ஆருக்கு என்று விளங்காமல் முழித்தேன். கணவர் ஆசையாக வாங்கினதைப் போய்ச் சேர்ந்த கையோடு விற்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும் என்றா. என் நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, அந்தப் போய்ச் சேர்ந்த மனிதர் பின்பக்கத்தில் குந்தியிருந்து ரயரை அமத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகுதான் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையை நிரோஜா வாசித்துச் சொன்னாள், உரிமையாளர் இறந்ததால் விற்பனைக்கு என்று போட்டிருந்தது.

பெடியனைக் கேட்டேன். அடுப்பு மூட்டாத, ஓடாத வான் என்றால் எல்லாரும் ஏதோ பழுது என்று சந்தேகப்படுகிறார்கள், ஆள் செத்துவிட்டார் என்றால் அதற்குமேல் ஒரு கேள்வியும் இல்லை, பேரமும் பேசமாட்டார்கள், ஒரு சின்னச் சொல்தானே மடாம் என்றான். சின்னச் சொல்! நான் என்ன பாஷையில் ஏசினேன் என்று எனக்குத் தெரியாது, மூன்று பாஷை என்கிறாள் நிரோஜா. அப்பா கறுத்த கையோடு ஓடிவந்து என்ன என்ன என்று கேட்டார். நீங்கள் செத்துப்போனீங்களாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எப்ப என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்கும், அந்த நேரம் வரவில்லை. வானை இப்போதே எடுக்கிறேன் என்றேன். தண்டம் கட்ட வேண்டும் என்றான். கட்டுகிறேன், இவர் செத்ததற்கு அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டு என்றேன். தண்டம் கேளாமலே கடதாசியைக் கிழித்துத் தந்தான். அன்று அப்பா ஓட்ட நான் பக்கத்தில் இருந்து பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தோம், அந்த வானில் இரண்டு பேரும் சேர்ந்து போனது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு விற்பனை என் கையில். விளம்பரத்தை நான் சொல்லச் சொல்ல நிரோஜா பிரெஞ்சில் எழுதினாள். வீட்டு வான் விற்பனைக்கு, சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார், பழுது இல்லை, ஏன் ஓடவில்லை என்று நேரில் கேட்டால் சொல்லப்படும். அம்மா, ஒருத்தரும் இப்பிடி எழுதமாட்டினம், எனக்கு வெக்கமாக் கிடக்கு என்று அழாத குறை. பத்திரிகையிலும் போட்டேன், மூலையில் உள்ள தெப்பனர் சில்லறைக் கடைப் பலகையிலும் குத்தினேன். ஆட்கள் வந்தார்கள். ஒருவர் ரயரை உதைத்துப் பார்த்தார், ஒருவர் காசுக்குப் பதிலாகப் படகு தரட்டுமா என்றார், இன்னொருவர் என் முகத்தைப் பார்க்காமல் அப்பாவிடமே விலை கேட்க அப்பா என் பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்ட எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன், இங்கிருந்து ஓடுவதற்கு வாங்கினோம், இனி ஓடுவதாக இல்லை. இரண்டு பேர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். போகட்டும்.

போன திங்கள், விடுமுறை நாள், அதே பெண் வந்து இறங்கினா. பெயர் மாக்கிரட், இல்-பிசார் பக்கம் வீடு, ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து இளைப்பாறினவ. சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார் என்ற விளம்பரத்தைக் கண்டதும் எந்த வான் என்று விளங்கிவிட்டதாம். முதலில் செத்தவரைக் காட்டு என்றா, அப்பா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார், விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு ஏன் என்று கேட்டா, இவவுக்கு நான் முழுக்கச் சொன்னேன், கொழும்பையும் சொன்னேன், மாமி நடந்ததையும் சொன்னேன், வாக்கெடுப்பு இரவையும் சொன்னேன். அவ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கண்ணைப் பார்த்து, அன்றைக்கு நான் பிரிய வேண்டும் என்றுதான் வாக்குப் போட்டேன், எங்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்று போட்டேன், உங்களைத் துரத்த இல்லை, எனக்குப் பயந்தா ஓட இருந்தீர்கள் என்றா. அப்பா தமிழில், ஏன் உதெல்லாம் கதைக்கிறாய், இனி விலைப்படாது என்று முணுமுணுத்தார். நான் விடவில்லை. கொழும்பில் எங்கள் வீட்டுக்கு நெருப்பு வைத்தவர்களில் ஒருவன் முதல் நாள் எங்களோடு தேத்தண்ணி குடித்தவன், முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல எனக்குத் தெரியாது என்றேன். அவவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் எழும்பிப் போகவில்லை மகன். கொஞ்ச நேரத்தால் அடுப்பை மூட்டிக் காட்டச் சொன்னா. பிறகு அப்பாவையும் ஏற்றிக்கொண்டு இல்-பிசார் பாலம் வரை ஓட்டிப் பார்த்தா. அடுத்த மாதம் தமக்கையோடு கடலைப் பார்க்கப் போகிறாவாம், வான் அதற்குத்தான் என்றா. விலையில் சந்தைக்காரி போல நின்று பேசினா, நானும் சந்தைக்காரிதானே, கடைசியில் நாங்கள் வாங்கின விலைக்கு நானூறு டொலர் கூடவே வந்தது. ஏமாத்திப் போடுவாங்கள் என்றாயே, எழுதி வைத்துக்கொள்.

வியாழக்கிழமை பெயர் மாற்றுவதற்கு வாகனக் கந்தோரில் மாக்கிரட்டும் நானும் சேர்ந்து வரிசையில் நின்றோம். அங்கேதான் அவ சும்மா கதையாக, நீ வேண்டாம் என்று போட்டிருப்பாய், அது உன் உரிமை, எனக்குக் கோபம் இல்லை என்றா. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பொய் சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் போடவே இல்லை என்றேன். உனக்கும் இன்றைக்குத்தான் சொல்கிறேன். வாக்கெடுப்பு அன்றைக்கு நீ கல்கரியிலிருந்து ரெலிபோன் எடுத்து வாக்குப் போட்டீங்களோ என்று கேட்டாய், ஓம் என்றேன், அது பொய். வெளியிலை போகவேண்டாம், ஆரும் பாத்துப் பெயர் எழுதிப் போடுவாங்கள் என்று அப்பா சொன்னார், நானும் தலையாட்டிவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டு இருந்தேன். குடியுரிமை எடுத்த நாளில் எவ்வளவு சந்தோஷப்பட்டோம், வாக்குப் போட வந்த அட்டை இரண்டும் மேசை லாச்சிக்குள் கிடந்தது. அன்றிரவு ரிவியில் பிரிய வேண்டும் என்று நின்றவர்களின் தலைவர், தாங்கள் தோற்றது வெளியிலிருந்து வந்த எங்களைப் போன்ற ஆட்களின் வாக்கால் என்று சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் சோபாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். போடாத வாக்குக்குப் பழியைச் சுமந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அந்த வரிசையில் நின்று இதைச் சொன்னபோது எனக்கு வந்த வெட்கம் என் பிறவியில் வந்ததில்லை. எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள், போய்க் கையெழுத்து வைத்தோம்.

நாளைக்கு இல்லை, அடுத்த திங்கட்கிழமை, யூன் இரண்டாம் திகதி, நாட்டுத் தேர்தல். இரண்டு பேருக்கும் அட்டை வந்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன், நீங்கள் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி நான் போகிறேன், பெயரை எழுதுகிறவன் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதட்டும். நேற்று, காலமையே போவம், கியூ குறைவாயிருக்கும் என்றார். ஆருக்குப் போடுவேன் என்று அவருக்கும் சொல்லமாட்டேன், உனக்கும் சொல்லமாட்டேன். உன் வாக்கெடுப்பு திரும்ப வந்தாலும் வரட்டும், அதற்கும் போவேன். எங்களைப் போன்ற ஆட்களின் வாக்கால்தான் தோற்றோம் என்று அடுத்த முறை ஆராவது ரிவியில் சொன்னால், ஓம், என்ரை வாக்குத்தான் என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கு இருக்க வேண்டும்.

நீ நன்றாயிருக்க வேண்டும், எங்கே இருந்தாலும் கதவைத் திறந்து வைத்து இருக்கிற மனிதனாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும். குளிருக்குக் காதை மூடு, கடையில் வாங்கித் தின்பதைக் குறை. ஓகஸ்டில் பிளேனில் வா. திரும்பிப் போகிற ரிக்கெற்றும் சேர்த்து எடு, ஒரே ஒரு ஆளுக்குத்தான், உன்னோடு கூட்டிக்கொண்டு போக இங்கே ஒருவரும் இல்லை.

இப்படிக்கு,
இருக்கிற இடத்திலேயே இருக்கிற உன் அம்மா,
நல்லம்மா அரியரத்தினம்