கருப்புச் சட்டையின் பை

அன்பு அத்தானுக்கு,

நீங்கள் மறித்த எரிவாயுக் குழாயை நம் வயலில் இன்னும் பதிக்கவில்லை. போலீஸ் காவல் மட்டும் நிற்கிறது. ஜெயிலில் சோறாவது ஒழுங்காகப் போடுகிறார்களா?

என் ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்தாலும் முடிந்தது, வீட்டில் ஆள் வரத்து ஓயவில்லை. வருகிறவர்கள் திருநீறு பூசிவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள். உட்கார முடியவில்லை, கூட்டிய வாசலையே மறுபடி கூட்டுகிறேன்.

நேற்று பாபநாசத்திலிருந்து உங்கள் அக்கா வந்தார். "ஐயனாருக்கு உன் முடியக் குடுக்கறதா வேண்டுதல் இருக்கு. எப்பப் போவலாம்?" என்றார். இப்போதுதான் முடி வளர்ந்து காதைத் தொடுகிறது. எனக்கு வந்ததே கோபம்!

"யாரக் கேட்டு வேண்டிக்கிட்டீங்க? மேடையில சாமி இல்லன்னு பேசுற உங்க தம்பிக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?"

அக்கா காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இன்று காலை, நீங்கள் வாய்தாவுக்குப் போட்டுக்கொள்ளக் கருப்புச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் மஞ்சள் துணியில் முடிந்த காசு. நாற்றுக்கட்டுக்கு நீங்கள் போடும் அதே முடிச்சு. வேண்டிக்கொண்டது நீங்கள்தான்.

திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் ஒருநாள்கூடக் கை கூப்பவில்லை. இவரே பயப்படவில்லை, நமக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் அத்தனை மருந்தையும் ஏற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

சட்டையை வக்கீலிடம் கொடுத்தனுப்புகிறேன். காசு பையிலேயே இருக்கிறது. முடிச்சை அவிழ்த்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களவள்